சாவியைத் திருப்பும் முன்: வாசகர் கேள்வி – பதில்

சர்க்கரை நோய், கண் பார்வை, வண்டி ஓட்டுவது மூன்றையும் சேர்த்துக் கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். மருந்தின் அளவை யாருக்கும் இங்கே எழுதித் தரவில்லை. அதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: வயது 52. பூ லோடு வேன் ஓட்டுகிறேன். ராத்திரி எட்டு மணிக்கு ஊசி போட்டுச் சாப்பிட்டுப் படுத்து, ஒன்றரைக்கு எழுந்து மூட்டை ஏற்றி, நாலு மணிக்கு மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் இறக்க வேண்டும். காலையும் இரவும் 30/70 இன்சுலின். கூடவே கிளிமிபிரைடு, வோக்லிபோஸ் மாத்திரைகள். போன மாதம் இரண்டு தடவை எந்த ரோட்டில் வருகிறேன் என்றே கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. வேர்வை, படபடப்பு எதுவும் இல்லை. தூக்கக் கலக்கமா, சுகரா? — உசிலம்பட்டி வாசகர்

பதில்: லோ சுகர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது குளுக்கோமீட்டர்தான். அதுவரை வேனை வேறு ஆளிடம் கொடுங்கள். பிழைப்பில் கை வைக்கிற பேச்சு என்று தெரிந்தேதான் சொல்கிறோம்.

காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 30/70 இன்சுலினில் 70 பங்கு மெதுவாக வேலை செய்கிற வகை. ஊசி போட்டு நாலு மணி நேரத்துக்குப் பிறகுதான் அதன் வேகம் உச்சத்துக்குப் போகும். எட்டு மணி ஊசிக்கு அந்த உச்சம் நள்ளிரவிலிருந்து விடிகாலை வரை. சரியாக அந்த நேரத்தில் வெறும் வயிற்றோடு மூட்டை தூக்குகிறீர்கள். தசை வேலை செய்யும்போது ரத்தத்திலிருக்கிற சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வேலை முடிந்த பிறகும் சில மணி நேரம் அந்த இழுப்பு இருக்கும். போதாக்குறைக்கு, கணையத்தைப் பிழிந்து இன்சுலின் சுரக்க வைக்கிற கிளிமிபிரைடும் உள்ளே இருக்கிறது. முந்தின ராத்திரி மது அருந்தியிருந்தால் ஈரல் சர்க்கரை வெளியிடுவதும் தடைப்படும். விடிகாலை வரை அந்த ஆபத்து நீளும்.

வேர்வையும் படபடப்பும் இல்லாததுதான் இதில் கவலைப்பட வேண்டிய விஷயம். அடிக்கடி சுகர் இறங்கி ஏறினால் உடம்பு எச்சரிக்கை மணி அடிப்பதை நிறுத்திவிடும். பிரஷருக்கோ இதயத்துக்கோ புரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் அமுங்கிப் போகும். மணி அடிக்காமலே நேராக மூளை தடுமாறும். தடுமாறுகிற மூளையே 'எனக்கு ஒன்றுமில்லை' என்று தீர்ப்பும் சொல்லும். உங்களுக்கு ரோடு பிடிபடாமல் போனது இப்படித்தான். சில வாரங்கள் ஒரு தடவைகூட லோ ஆகாமல் பார்த்துக்கொண்டால் பலருக்கும் அந்த மணி திரும்ப அடிக்க ஆரம்பிக்கிறது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: இந்த வேலை நேரத்துக்கு ராத்திரி ஊசியின் வகை சரியா? இன்சுலினோடு கிளிமிபிரைடும் வேண்டுமா? மூட்டை தூக்குகிற நாளுக்கும் ஓய்வு நாளுக்கும் ஒரே அளவா? போகும்போது பத்து நாள் குறிப்பு கையில் இருக்கட்டும்: படுக்கும் முன், எழுந்ததும், லோடு ஏற்றிய பிறகு, மார்க்கெட்டில் என நாலு ரீடிங்.

திரும்ப ஓட்ட அனுமதி கிடைத்த பிறகு கடைப்பிடிக்க வேண்டிய முறை இது. சாவி போடும் முன் டெஸ்ட். இங்கிலாந்தில் இன்சுலின் போடுகிற ஓட்டுநர்களுக்கு '5 இருந்தால் ஓட்டு' என்று ஒரு விதி உண்டு. அந்த 5 அவர்கள் அலகு, நம் கணக்கில் அது 90 மி.கி. 90-க்குக் கீழே இருந்தால் முதலில் சாப்பாடு, பிறகு வண்டி. 70-க்குக் கீழே என்றால் வண்டியே இல்லை. நீண்ட ஓட்டத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தித் திரும்பவும் டெஸ்ட்.

ஓடும்போது சந்தேகம் வந்தால், அடுத்த டீக்கடை வரட்டும் என்று நினைக்காதீர்கள். இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, ஸ்டியரிங் முன்னாலிருந்து நகர்ந்து பக்கத்து சீட்டில் உட்காருங்கள். அந்த நிலையில் கை தானாகச் சாவியைத் தேடும் என்பதால்தான் இடம் மாறச் சொல்வது. பிறகு 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் பொறுத்து டெஸ்ட். இன்னும் 70-க்குக் கீழே என்றால் மறுபடி 15 கிராம். ரீடிங் ஏறியதும் இரண்டு இட்லியோ வாழைப்பழமோ பிஸ்கட்டோ சாப்பிடுங்கள். சுகர் நார்மலுக்கு வந்து 45 நிமிடம் கழியாமல் வண்டியை எடுக்கக் கூடாது. ரத்தம் தேறின பிறகும் மூளையின் வேகம் தேற அவ்வளவு நேரம் பிடிக்கும்.

எந்தச் சர்க்கரை என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. நீங்கள் வோக்லிபோஸ் சாப்பிடுகிறவர். அந்த மாத்திரை சாதா சர்க்கரை குடலில் உடைவதைத் தாமதப்படுத்தும். அதனால் உங்களுக்குச் சீனித் தண்ணீரும் சர்பத்தும் சரிப்படாது. மருந்துக்கடையில் விற்கிற குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். 15 கிராம் என்பது சுமார் மூன்று டீஸ்பூன். ஒரு வேளை அளவாகக் காகிதத்தில் மடித்து நாலு பொட்டலம் வேனில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு மூன்று ஸ்பூன் சீனி கரைத்த தண்ணீரோ அரை டம்ளர் நன்னாரி சர்பத்தோ போதும். மதுரைக்காரர்கள் கை ஜிகர்தண்டாவுக்குப் போகும். லோ சுகருக்கு அது சரியான மருந்து இல்லை. பாலும் ஐஸ்கிரீமும் சேர்ந்த கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். சாக்லேட்டும் அப்படியே. அதற்கு மேல், சித்திரை வெயிலில் சாக்லேட் டேஷ்போர்டிலேயே உருகிவிடும்.

வெயில் என்றதும் குளுக்கோமீட்டரில் செருகுகிற ஸ்ட்ரிப் ஞாபகத்துக்கு வருகிறது. பெரும்பாலான ஸ்ட்ரிப் டப்பாக்களில் 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லியிருக்கும். மூடி நிறுத்திய வேனுக்குள் மே மாதம் 50-ஐத் தாண்டும். சூட்டில் கெட்ட ஸ்ட்ரிப் தப்பான எண்ணைக் காட்டும், அது தப்பு என்று சொல்லாது. இன்சுலினும் அதே மாதிரிதான் வீரியம் இழக்கும். இரண்டையும் சிறிய பையில் போட்டு இறங்கும்போது கையோடு எடுத்துப் போங்கள். ஸ்கூட்டர்காரர்கள் சீட்டுக்கு அடியில் இருக்கிற பெட்டியை மறந்துவிட வேண்டும். வாழைப்பழம் உரித்த விரலில் குத்தினால் தோலில் ஒட்டிய சர்க்கரையும் கணக்கில் சேர்ந்து, 65 இருக்கிற இடத்தில் 120 காட்டலாம். கையைத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.

கூட வருகிற பையனுக்கும் சொல்லி வையுங்கள். அண்ணன் திடீரென்று எரிந்து விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, வண்டி கோடு மாறினாலோ நிறுத்தச் சொல்ல வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குப் போன்.

கேள்வி: ஆறு மாதத்தில் இரண்டு கண்ணாடி மாற்றிவிட்டேன். போட்ட புதிதில் தெளிவாக இருக்கிறது. மூன்றே வாரத்தில் ரிங் ரோட்டில் வழிகாட்டிப் பலகை மங்குகிறது. கண்ணாடிக் கடைக்காரர் அளவு சரி என்கிறார். — திருமங்கலம் வாசகர்

பதில்: அளவு எடுத்த அன்றைக்கு அது சரியாகத்தான் இருந்திருக்கும். அதன் பிறகு மாறியது உங்கள் கண். சுகர் ஏறி இறங்கும்போது கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் நீரை உள்வாங்கியும் விட்டும் வடிவம் மாறுகிறது, பவரும் கூடவே மாறுகிறது. புதிதாக இன்சுலின் தொடங்கி சுகர் மளமளவென்று இறங்குகிறபோதுதான் இந்தத் தொல்லை அதிகம். சுகர் ஓர் அளவில் நின்று நாலிலிருந்து ஆறு வாரம் கழித்துக் கண்ணாடிக்கு அளவு கொடுங்கள். இதற்கிடையில் மூன்றாவது கண்ணாடி வாங்கினால் அந்தக் காசும் வீண்தான்.

அதுவரை ஓட்டலாமா என்பதை வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ளலாம். லைசென்ஸுக்கான படிவம் 1-இல் கேட்கிற கேள்வி இது: நல்ல பகல் வெளிச்சத்தில், கண்ணாடி போடுகிறவர் போட்டுக்கொண்டு, 25 மீட்டர் தூரத்தில் கார் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா? 25 மீட்டர் என்றால் 82 அடி. காலால் அளக்காமல் டேப்பால் அளந்து சுவரில் ஒரு கோடு போட்டு வையுங்கள். கார் பிளேட்டில் எழுத்தின் உயரம் 65 மி.மீ. அந்த எழுத்தை அந்தத் தூரத்தில் படிக்கத் தேவையான பார்வையைக் கணக்குப் போட்டால், கண் ஆஸ்பத்திரிப் பலகையில் 6/9 வரிக்கும் 6/12 வரிக்கும் நடுவில் வரும். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். உங்கள் வண்டி நம்பர் உங்களுக்கு மனப்பாடம் என்பதால் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை வைத்துப் பார்ப்பது நல்லது. படிக்க முடியாத நாளில் பஸ்தான்.

பெரிய கண்ணாடிக் கடையில் அளவு பார்த்ததை விழித்திரைப் பரிசோதனை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். நோய் விழித்திரையின் நடுப்பகுதியைத் தொடாதவரை, பலகையில் கடைசி வரி வரை படிக்கிறவருக்கும் உள்ளே கசிவு இருக்கலாம்.

கேள்வி: இரண்டு கண்ணிலும் லேசர் செய்தார்கள். பகலில் குறையில்லை. மாலை மங்கினதும் பைக் ஓட்டப் பயமாக இருக்கிறது. எதிரே லாரி பிரைட் அடித்தால் சில நொடி ஒன்றுமே தெரிவதில்லை. லேசர் கெடுத்துவிட்டதா? — மேலூர் வாசகர்

பதில்: சர்க்கரையால் வரும் விழித்திரை நோய் முற்றும்போது செய்கிற அகல லேசரில், விழித்திரையின் ஓரப்பகுதியில் நூற்றுக்கணக்கான புள்ளிகளைச் சுடுகிறார்கள். ஓரத்துக்கு ரத்தத் தேவை குறைந்தால் மெல்லிய புதுக் குழாய்கள் முளைத்து வெடிப்பது அடங்கும். நடுப்பார்வையைக் காப்பாற்றக் கொடுக்கிற விலை அது. இருட்டில் பார்க்க உதவுகிற செல்கள் அதிகம் இருப்பது அந்த ஓரத்தில்தான். அதனால் பக்கப்பார்வையும் இரவுப் பார்வையும் கொஞ்சம் குறையும், கூச்சத்திலிருந்து மீளவும் நேரம் எடுக்கும். லேசர் செய்யாமல் விட்டிருந்தால் பகல் பார்வையையே இழந்திருக்கலாம். மிச்சம் சிட்டிங் இருந்தால் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

ஓட்டுவதைப் பொறுத்தவரை பகலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கணக்கு இப்படிப் போகிறது. 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகிறீர்கள். தடையைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி, அதற்குள் 25 மீட்டர். காய்ந்த ரோட்டில் வண்டி நிற்க இன்னும் 20 மீட்டர். ஆக 45 மீட்டர். டிம் வெளிச்சம் எட்டுவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நல்ல கண்ணுக்கே அது விளிம்பு. லாரி கடந்த பிறகு மூன்று நொடி குருடாகப் போனால் 50 மீட்டர் பார்க்காமலே ஓட்டியதாகும். பின்னால் விளக்கில்லாத வைக்கோல் டிராக்டர் நம் ஊர் ரோட்டில் அபூர்வமான காட்சி இல்லை.

தவிர்க்க முடியாமல் இருட்டிவிட்டால் 30-க்குள் ஓட்டுங்கள். எதிரே விளக்கு வரும்போது அதைப் பார்க்காமல் ரோட்டின் இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடியை மாற்றுங்கள். ஒவ்வொரு கீறலும் வெளிச்சத்தை நட்சத்திரமாகச் சிதறடிக்கும். கறுப்புக் கண்ணாடி வைத்த ஹெல்மெட் ராத்திரிக்கு ஆகவே ஆகாது. கண்புரை ஆரம்பித்திருக்கிறதா என்றும் கேளுங்கள். கூச்சத்துக்கு லேசரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும்போது புரை காரணமாக இருப்பதுண்டு, அதைச் சரிசெய்யவும் முடியும்.

திடீரென்று கண் முன் சிலந்தி வலை, கரும்புகை, திரை இறங்கினது போல ஏதாவது தெரிந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: ராத்திரிக்கென்று மஞ்சள் கண்ணாடி விற்கிறார்களே, வாங்கலாமா? — செல்லூர் வாசகர்

பதில்: வேண்டாம். கூச்சம் குறைந்த மாதிரி இருக்கும். உண்மையில் கண்ணுக்குப் போகிற மொத்த வெளிச்சமும் குறைகிறது, ஓரமாக நடந்து போகிறவரும் மங்குவார். அந்தக் காசில் பவர் கண்ணாடிக்குப் பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு போடுங்கள். காரின் முன் கண்ணாடியை உள்பக்கமாகத் துடையுங்கள். பிளாஸ்டிக் ஆவி படிந்த எண்ணெய்ப் படலம் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு 67. பத்து வருடமாகக் கிளாக்கோமா. பலகையில் எல்லா வரியும் படிக்கிறார். ஆனால் காரின் இடது பக்கம் மாதம் ஒரு கீறல். கோரிப்பாளையம் சிக்னலில் வந்த பைக்காரரைப் பற்றி, 'எங்கிருந்து வந்தார் என்றே தெரியவில்லை' என்கிறார் அப்பா. அடுத்த வருடம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். ஓட்டாதீர்கள் என்றால் கோபம் வருகிறது. — அண்ணா நகர் வாசகி

பதில்: அப்பா பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவே இல்லை. கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோயில் பார்வை ஓரத்திலிருந்து தேயும். தேய்ந்த இடம் கறுப்பாகத் தெரியாது. சுற்றியிருப்பதை வைத்து மூளை அந்த இடத்தை ரோடாகவோ சுவராகவோ நிரப்பிவிடும். அந்த இடத்தில் பைக் வந்தால் அது இல்லாத ரோடுதான் தெரியும். 'எங்கிருந்து வந்தார்' என்ற வார்த்தைக்கு இதுதான் பொருள். பலகை படிப்பது நடுப்பார்வை. அது கடைசி வரை நன்றாக இருக்கக்கூடும்.

வீட்டில் ஒரு தோராயச் சோதனை செய்யலாம். ஒரு மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே உட்காருங்கள். அவர் இடது கண்ணை மூடட்டும், நீங்கள் வலது கண்ணை மூடுங்கள். அவர் உங்கள் மூக்கைப் பார்க்க வேண்டும். உங்கள் விரலை ஆட்டிக்கொண்டே நாலு திசையிலும் வெளியிலிருந்து உள்ளே கொண்டு வாருங்கள். உங்களுக்குத் தெரிந்து வெகுநேரம் கழித்து அவருக்குத் தெரிந்தால் குறை பெரியது. தெரிந்துவிட்டால் குறை இல்லை என்று ஆகாது, சின்ன ஓட்டைகள் இதில் அகப்படாது.

சரியான வழி பார்வைப் புல சோதனை, அதாவது ஓரம் வரை எங்கெங்கே பார்வை இருக்கிறது என்று அளப்பது. ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனித் தாள் வரும். ஓட்டும்போது இரண்டு கண்ணும் திறந்திருப்பதால், ஒரு கண்ணின் ஓட்டையை மற்றது மூடக்கூடும். இரண்டு கண்ணிலும் ஒரே இடத்தில் ஓட்டை இருந்தால்தான் பெரிய ஆபத்து. ஆகவே இரு கண்ணும் திறந்து செய்கிற எஸ்டர்மன் முறையையும் கேளுங்கள். இங்கிலாந்தில் காருக்குக் கிடைமட்டமாக 120 டிகிரி பார்வை வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நம் படிவம் 1-இல் பக்கப்பார்வை என்று தனிக் கேள்வி கிடையாது. மாலைக்கண் உண்டா என்ற கேள்வி உண்டு. பொதுமக்களுக்கு ஆபத்து வரக்கூடிய வேறு நோய் உண்டா என்ற கடைசிக் கேள்விக்குள்தான் கிளாக்கோமா வரும். அவர் 40-ஐத் தாண்டியவர் என்பதால் மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ-வும் வேண்டும். 55-க்கு மேல் 5 வருடத்துக்கு மட்டுமே புதுப்பித்துத் தருவார்கள். லைசென்ஸ் கையில் இருந்தாலும், உடல் தகுதியில்லை என்று தெரிந்தே பொது இடத்தில் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 186-ஆவது பிரிவு பாயும். முதல் தடவை 1,000 ரூபாய் வரை, மறுபடி என்றால் 2,000 வரை அபராதம்.

பேச்சை நீங்கள் எடுக்க வேண்டாம், தாள் எடுக்கட்டும். சோதனைத் தாளில் கறுப்பாக இருக்கிற பகுதி காரில் எங்கே விழுகிறது என்பதை மருத்துவரே அப்பாவுக்குச் சுட்டிக்காட்டட்டும். மகள் சொல்வதை ஏற்காத மனுஷன் தன் கண்ணின் படத்தோடு சண்டை போடுவது குறைவு. சொட்டு மருந்தையும் விசாரியுங்கள். பிரிமோனிடின் சிலருக்குத் தூக்கம் வரவழைக்கும். பைலோகார்பின் பாப்பாவைச் சுருக்கி இரவில் இன்னும் இருட்டாக்கும். இழந்த பார்வை திரும்பாது. ஆகவே 'மருந்து போட்டால் சரியாகி ஓட்டலாம்' என்று அவருக்கு ஆறுதல் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: பாதம் மரத்துப் போயிருக்கிறது. ஆட்டோமேட்டிக் கார் வாங்கினால் ஓட்டலாமா? — வில்லாபுரம் வாசகர்

பதில்: ஆட்டோமேட்டிக் உங்களுக்கு மிச்சப்படுத்துவது கிளட்ச், அதாவது இடது கால். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் வலது காலில்தான் இருக்கின்றன. கால் எந்தப் பெடலில் இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று உணராவிட்டால் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதிப்பது நடக்கும். முதலில் மருத்துவரிடம், பாதத்தில் தொட்டு உணர்வைப் பார்க்கிற 10 கிராம் நைலான் இழைச் சோதனை செய்யச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை மேலே கீழே அசைத்தது தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள். இரண்டிலும் தவறினால் காலால் ஓட்டுவதை விடுங்கள். பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கையால் இயக்குகிற அமைப்பு பொருத்தலாம். அதற்கு ஆர்.டி.ஓ. அனுமதியும் ஆர்.சி. புத்தகத்தில் பதிவும் வேண்டும். உணர்வு ஓரளவு இருக்கிறவர்கள் குதிகாலில் பட்டை இருக்கிற, அடி மெலிந்த ஷூ போடுங்கள். ரப்பர் செருப்பு பெடலுக்கு அடியில் மடங்கிக்கொள்ளும். வெறுங்காலோடு ஓட்டுகிற பழக்கத்தை விடுங்கள், சூடான தரையில் கொப்பளித்தாலும் உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: வாரம் மூன்று நாள் சோழவந்தானிலிருந்து ஸ்கூட்டரில் மதுரைக்கு டயாலிசிஸ் வருகிறேன். நானே ஓட்டித் திரும்பலாமா? — சோழவந்தான் வாசகர்

பதில்: வரும்போது, மூச்சு வாங்காமல் தலை தெளிவாக இருந்தால், மருத்துவர் சம்மதத்தோடு ஓட்டலாம். திரும்பும்போது கூடாது. நாலு மணி நேரத்தில் உடம்பிலிருந்து நீரை இழுத்த பிறகு பிரஷர் இறங்கும். எழுந்து நிற்கும்போது சமாளித்தவருக்கும் அரை மணி கழித்து வழியில் கிறக்கம் வரலாம். வரும்போதே பஸ்ஸிலோ ரயிலிலோ வந்துவிட்டால், ஸ்கூட்டரை மதுரையில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்காது.

கேள்வி: கண்ணில் சொட்டு விட்டுப் பரிசோதித்த அன்று பைக்கில் திரும்பலாமா? — வாடிப்பட்டி வாசகர்

பதில்: கூடாது. பாப்பா சுருங்க நாலிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும், சிலருக்கு மறுநாள் வரைகூட. கூடவே ஒருவரை அழைத்துப் போங்கள், வெயிலுக்குக் கூலிங் கிளாஸும் எடுத்துக்கொள்ளுங்கள்.